கிறிஸ்டோபர் லீயின் டிராகுலா

அன்புள்ள ஐயா,

பேய்ப்படங்களைப் பற்றிய உங்கள் குறிப்பொன்றில் கிறிஸ்டோபர் லீயை மாபெரும் நடிகர் என்று எழுதியிருந்தீர்கள். டிராகுலா என்ற ரத்தக் காட்டேரியாக அவர் நடித்து 1958இல் வெளிவந்த 'டிராகுலா' படத்தை அண்மையில் பார்த்தேன். அதில் அவர் வருவதே ஏறத்தாழ ஏழு நிமிடம்தான். முதற்சில காட்சிகளுக்குப் பிறகு வசனமே இல்லை. பிற்காலத்தில் அவரே அந்த வேடத்தில் சலிப்புற்றார் என்றும் படித்தேன். உயரம், கோரைப்பல், சிவந்த கண்கள் ஆகியவற்றைத் தவிர இதில் கொண்டாட என்ன இருக்கிறது?

கே.

அன்புள்ள கே.,

ஹார்க்கர் என்ற இளைஞர் டிராகுலாவின் கோட்டைக்குள் வந்து நிற்கும் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். படிக்கட்டின் உச்சியில் ஒரு கரிய உருவம் தோன்ற, பின்னணி இசை நம்மை அச்சத்துக்குத் தயார்ப்படுத்துகிறது. அவ்வுருவமோ விறுவிறுவென்று இறங்கி வந்து, விருந்தினரை வரவேற்கும் கண்ணியமான வீட்டுக்காரரைப் போலத் தன் பெயரைச் சொல்லி உபசரிக்கிறது. 1931இல் வந்த டிராகுலா படத்தில் அவ்வேடமேற்ற பெலா லுகோசி ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி இழுத்துப் பேசி உண்டாக்கிய அமானுஷ்யம் இங்கே துளியும் இல்லை. சற்று நேரம் கழித்து, வாயோரம் ரத்தம் வழியக் கண்கள் சிவக்க அதே மனிதர் நூலக அறையில் பாயும்போது நாம் பதறிப்போகிறோம் என்றால், அதற்குள் அவரை நாம் நம்பத் தொடங்கிவிட்டோம் என்று பொருள். அந்த நம்பிக்கையை ஓரிரு நிமிடப் பேச்சில் உண்டாக்கியது லீயின் நடிப்பே தவிர ஒப்பனையாளரின் வேலை அன்று.

பிறகு அவர் பேசாததையும் குறையாக நான் கருதவில்லை. டிராகுலாவின் வசப்பட்ட லூசி என்ற பெண் அவன் வருகைக்காகத் தோட்டத்துக் கதவைத் திறந்துவைத்து, கழுத்திலிருக்கும் சிலுவையைக் கழற்றிவிட்டு, படுக்கையில் கிடந்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் காட்சியில் வெகுநேரம் யாருமே வருவதில்லை. ஆனாலும் அந்த வெற்று வாசலை நாமும் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். திரையில் இல்லாத நேரத்தையும் தனதாக்கிக்கொள்ளும் நடிகரை ஏழு நிமிடக் கணக்கில் அடக்குவது நியாயமாகாது.

இந்த உடல்மொழி அவருக்குத் திடீரென்று வாய்த்ததன்று. 1922இல் லண்டனில் பிறந்து, இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றிவிட்டு, 1948இல் திரைக்கு வந்தவர் அவர். ஆறடி ஐந்தங்குல உயரம் நடிகனுக்கு ஆகாது என்று சொல்லிச் சொல்லியே ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அவரைச் சிறு வேடங்களில் வைத்திருந்தார்கள். 1957இல் ஹாமர் என்ற பிரிட்டிஷ் படநிறுவனத்தின் ஃபிராங்கன்ஸ்டைன் படத்தில், அதே உயரத்துக்காகவே, முகம் முழுவதும் ஒப்பனையால் மூடப்பட்ட, வாய் பேசாத உயிரியாக நடிக்கவைத்தார்கள். தோளாலும் கைகளாலும் தடுமாறும் நடையாலும் மட்டுமே ஓர் உயிரின் வேதனையைக் காட்ட வேண்டியிருந்த அந்த வேடத்துக்கு அடுத்த ஆண்டுதான் டிராகுலா வந்தது.

சலிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1958 முதல் 1973 வரை ஹாமர் நிறுவனத்துக்காக மட்டும் ஏழு படங்களில் அவர் டிராகுலாவாக நடித்தார். 1966இல் வந்த இரண்டாவது படத்தில் அவருக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. எழுதித் தந்தவை மோசமாக இருந்ததால் பேச மறுத்துவிட்டதாக லீ சொன்னார். திரைக்கதை எழுதிய ஜிம்மி சாங்ஸ்டரோ, தான் வசனமே எழுதவில்லை என்றார். யார் சொன்னது சரியானாலும், லீயின் மனத்தாங்கல் எதைப் பற்றியது என்பதில் ஐயமில்லை. இக்கதைக்கு மூலமான பிராம் ஸ்டோக்கரின் நாவலில் இருக்கும் டிராகுலாவைத் திரைக்குக் கொண்டுவாருங்கள் என்று அவர் ஓயாமல் கேட்டார். முடிந்த இடங்களில் நாவலின் வரிகளைத் தானே நுழைத்தார். நரைத்த மீசையுடன் கிழவராகத் தோன்றி, ரத்தம் குடிக்கக் குடிக்க இளமை பெறும் நாவலின் டிராகுலாவாக நடிக்கலாம் என்பதற்காகவே, 1970இல் ஸ்பானிய இயக்குநர் ஹெசுஸ் ஃபிராங்கோவின் படத்தை ஒப்புக்கொண்டார். வேடத்தை வெறுத்தவர் இப்படி அதற்காக மல்லுக்கு நிற்கமாட்டார். அந்த வேடத்தின் மீது மற்றவர்களுக்கு இல்லாத மரியாதை அவருக்கு இருந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

ரத்தக் காட்டேரி என்ற முத்திரை அவரை எவ்வளவு தூரம் துரத்தியது என்பதற்கு நம் துணைக்கண்டத்திலேயே ஒரு சான்று உண்டு. ஜமீல் தெஹ்லவி இயக்கி 1998இல் வெளிவந்த 'ஜின்னா' படத்தில் முகமது அலி ஜின்னாவாக லீ நடித்தார். டிராகுலாவாக நடித்தவர் தேசத் தந்தையாக நடிப்பதா என்று பாகிஸ்தானில் கடும் எதிர்ப்பு எழுந்தது. மறைந்த ஜின்னாவை அவருடைய கடந்தகாலத்தின் ஊடாக அழைத்துச் செல்லும் வழிகாட்டியாகச் சசி கபூர் நடித்த அப்படத்தில், பிடிவாதமும் தனிமையும் நோயும் கொண்ட ஒரு மனிதரை லீ எந்த ஆர்ப்பாட்டமும் இன்றிக் கண்முன் நிறுத்துகிறார். 2015இல் தமது 93ஆம் வயதில் மறையும்வரை, தாம் நடித்தவற்றில் மிக முக்கியமானது அதுவே என்று பலமுறை சொல்லிவந்தார். அதையும் பார்த்துவிட்டு, உங்கள் கேள்வி அப்படியே இருக்கிறதா என்று எழுதுங்கள்.

அன்புடன்.