கதையை நிறுத்தி அர்த்தம் சொன்னால் பிள்ளை எழுந்து ஓடுகிறதா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "மகளுக்கு நாலு வயது. தினமும் ராத்திரி ராஜா ராணிக் கதை படிக்கிறேன். புதுச் சொல் வரும்போதெல்லாம் நிறுத்தி அர்த்தம் சொல்கிறேன், ரெண்டாவது பக்கத்திலேயே எழுந்து ஓடிவிடுகிறாள். கஷ்டமான சொற்களை எடுத்துவிட்டு எளிதாக்கிப் படிக்கலாமா?"

வேண்டாம். எளிதாக்கினால் ஏற்கெனவே தெரிந்த சொற்களையே திரும்பக் கேட்பாள். குறைக்க வேண்டியது நீங்கள் நிறுத்துவதைத்தான். ஒரு கதைக்கு மூன்று சொல், மிஞ்சினால் நாலு. மற்றவை வந்தபடி வந்து போகட்டும்.

எந்த மூன்று என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அகழி, அந்தப்புரம் என்று கண்ணைப் பறிக்கிற பெயர்களைப் பிடித்துக்கொள்வார்கள். அகழியை அவள் எங்கே போய்ப் பேசப் போகிறாள்? ஏழு கடல் ஏழு மலை தாண்டி, கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்திருக்கிற அரக்கன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். இளவரசன் குகை வாசலில் தயங்குவான், பாறைக்குப் பின்னால் பதுங்குவான், அரக்கன் ஒழிந்ததும் ஊருக்கே நிம்மதி. தயங்கு, பதுங்கு, நிம்மதி, இந்த மூன்றும் நாளைக்கே வீட்டில் வேலைக்கு வரும்.

அர்த்தத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கதைக்குள் போய்விடுங்கள். "தயங்கினான், போலாமா வேண்டாமான்னு நின்னான், அப்புறம்..." அவ்வளவுதான். இதுகூடத் தேவையா என்றால், தேவை. நியூசிலாந்தில் வார்விக் எல்லி 1989-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிப் பிள்ளைகள் கதையைச் சும்மா கேட்டபோதே புதுச் சொற்கள் ஏறின, ஆசிரியர் இடையில் விளக்கியபோது அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஏறின.

திரும்பத் திரும்ப அதே கதையா என்று சலிப்பது நீங்கள்தான், அவள் இல்லை. 2011-இல் இங்கிலாந்தில் மூன்று வயதுப் பிள்ளைகளை வைத்து இதைப் பார்த்தார்கள். புதுச் சொற்களை எல்லோரும் ஒரே அளவுதான் கேட்டார்கள், ஆனால் ஒரே கதையில் திரும்பக் கேட்டவர்களுக்கு நன்றாக மனதில் நின்றது, வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களுக்கு அப்படி நிற்கவில்லை. அதனால் ஒரு வாரம் அதே அரக்கன்தான். கதை பழகியதும் "இளவரசன் வாசல்ல வந்து..." என்று இழுத்து நிறுத்துங்கள், அவளே முடிப்பாள். முடிக்கவில்லையா, சரி, நீங்களே சொல்லிவிடுங்கள். பரீட்சை வேண்டாம்.

புத்தகத்தமிழ் அவள் காதுக்குப் புதுசு. வாக்கியத்தை வீட்டுப் பேச்சில் சொல்லலாம், அந்த மூன்று சொல்லை மட்டும் மாற்றாதீர்கள்.

பகலில் அதே சொல் கண்ணெதிரே வரவேண்டும். சில்வர் பீச்சில் நண்டு வளைக்குள் பதுங்கும், அலை வரும்போது அவளே தயங்கி நிற்பாள், அந்த நொடியிலேயே சொல்லிவிடுங்கள். கதையில் கோட்டை வந்திருந்தால் பக்கத்திலேயே, தேவனாம்பட்டினத்தில், செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது (ராணி எங்கே என்று கேட்டால் சமாளிப்பது உங்கள் பாடு).

ஒன்று மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன். நாலு வயதிலும் மூன்று நாலு சொல் சேர்த்து வாக்கியமாகப் பேசவில்லை என்றால் கதையை நம்பிக் காத்திருக்காதீர்கள், முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டி காது சரியாகக் கேட்கிறதா என்று பாருங்கள்.