லாஸ்பேட்டைத் தங்கைக்கு: பதினான்கு பேர் உட்காரும் மேசை

நீ கேட்டதை முதலில் இரண்டு வரியில் எழுதிவிடுகிறேன், உன்னை மாதிரி கிளம்பப்போகிற மற்ற பிள்ளைகளுக்கும் புரியட்டும். ப்ளஸ் டூ முடித்திருக்கிறாய். மினசோட்டாவில் ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் காலேஜில் நல்ல உதவித்தொகையோடு இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் கிளம்ப வேண்டும். பெரியப்பா, "ஆர்ட்ஸ் காலேஜில் படிக்க அமெரிக்கா எதுக்கு, தாகூர் காலேஜ் நம்ம தெருக்கோடியில இருக்கே" என்கிறார். உன் பயம் வேறு. "ஸ்கூலில் நான் வாயே திறந்ததில்லை அக்கா, அங்கே பேசினால்தான் மார்க்காமே, எப்படிச் சமாளிப்பேன்?" என்று கேட்டிருக்கிறாய்.

நான் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். 2010-இல் அதே மாநிலத்தில் அதே மாதிரி ஒரு காலேஜுக்குப் போனேன். இப்போது மினியாபொலிஸ் பக்கம் வீடும் வேலையும். நானும் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைதான்.

பெரியப்பா விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். நம்ம ஊரில் இன்ஜினியரிங் கிடைக்காதவர்கள் போகும் இடம் ஆர்ட்ஸ் காலேஜ் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சே தப்பு. தேவனாம்பட்டினம் பெரியார் காலேஜில் படித்த என் அத்தைதான் எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் என்றால் இயற்பியல், கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ், பொருளாதாரம், வரலாறு எல்லாமே அதற்குள் வரும். நான்கு வருஷப் படிப்பு. எதில் மேஜர் (முதன்மைப் பாடம்) என்பதை இரண்டாம் வருஷக் கடைசிக்குள் சொன்னால் போதும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தாலும் பல காலேஜ்களில் பட்டத்தில் பி.ஏ. என்றுதான் போடுவார்கள், அதற்காகக் கலங்காதே. படிப்பு முடிந்ததும் வேலை பார்க்க ஓ.பி.டி. என்று 12 மாதம் உண்டு. அறிவியல், தொழில்நுட்பம், கணிதம் சார்ந்த மேஜர் என்றால் மேலும் 24 மாதம் கேட்கலாம். அதைத் தீர்மானிப்பது விசாவுக்காகக் காலேஜ் உனக்குத் தரும் ஐ-20 தாளில் மேஜருக்குப் போட்டிருக்கும் எண். பி.ஏ.வா பி.எஸ்ஸி.யா என்பது கணக்கில்லை. சில காலேஜ்கள் பொருளாதாரத்தைக்கூட அந்தப் பட்டியலில் வருகிற எண்ணில் பதிந்திருக்கின்றன, சில பதியவில்லை. மேஜர் எழுதிக்கொடுக்கும் முன்னால், வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் இன்டர்நேஷனல் ஆபீஸில் இதைக் கேட்டுக்கொள். விசா விதிகள் அடிக்கடி மாறும். அந்த ஆபீஸ்காரர் சொல்வதை மட்டும் நம்பு.

இன்னொன்று, காலேஜுக்குக் காலேஜ் வருஷம் ஓடும் விதமே வேறு. மினசோட்டாவிலேயே கார்ல்டனில் வருஷத்துக்கு மூன்று டெர்ம், ஒவ்வொன்றும் பத்து வாரம், ஒவ்வொன்றிலும் மூன்று பாடம். கொலராடோ காலேஜில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாடம், மூன்றரை வாரத்தில் முடித்துவிட்டு அடுத்தது. என் காலேஜில் இரண்டு செமஸ்டர், செமஸ்டருக்கு நான்கு பாடம். பத்து வார டெர்ம் என்றால் மூன்றாவது வாரமே தேர்வு வந்து நிற்கும். உன்னுடையது எது என்று இப்போதே பார்த்து வை.

சரி, வகுப்புக்கு வருகிறேன்.

என் முதல் செமினாரில் பதினான்கு பேர். பெஞ்ச் வரிசை கிடையாது, ஒரு நீள மேசை, சுற்றி நாற்காலி. புரொஃபசரும் அதே மேசையில் ஒரு பக்கம். கடைசி பெஞ்சே இல்லாத இடத்தில் எங்கே போய் உட்காருவது? முதல் நாள் சிலபஸ் என்று எட்டுப் பக்கம் கொடுத்தார்கள். எந்த நாளுக்கு எந்த அத்தியாயம், எந்தக் கட்டுரை எப்போது, எதற்கு எத்தனை சதவீதம், எல்லாம் அதில் இருந்தது. வகுப்பில் பேசுவதற்கு இருபது சதவீதம். பல்கலைக்கழகத் தேர்வு, ஹால் டிக்கெட், வெளியே பேப்பர் திருத்துவது எதுவும் கிடையாது. எழுதச் சொல்பவரும் திருத்துபவரும் உன் எதிரே உட்கார்ந்திருப்பவரே.

முதல் கட்டுரைக்கு நான் நான்கு இரவு உழைத்தேன். புத்தகம் சொன்னதை ஒன்று விடாமல் அழகாகச் சுருக்கி எழுதினேன். நம்ம ஸ்கூலில் அதற்கு முழு மார்க் விழுந்திருக்கும். திரும்பி வந்தபோது பென்சிலால் ஓரத்தில் ஒரே கேள்வியை மூன்று இடத்தில் எழுதியிருந்தார்: "இதில் உன் கருத்து எங்கே?" சி ப்ளஸ். பன்னிரண்டு வருஷம் முதல் ரேங்க் வாங்கினவளுக்கு அந்தத் தாளை மடித்துப் பையில் வைக்கக் கை வரவில்லை.

என்ன கேட்கிறார்கள் என்பது எனக்கு மெல்லத்தான் புரிந்தது. ஆசிரியர் எழுதியிருப்பதோடு ஒத்துப்போகிறாயா, இல்லையா, ஏன்? அவ்வளவுதான். பெரியவர்கள் எழுதியதை மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த நமக்கு இது சுலபமில்லை. அங்கே ஒருவருடைய கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு வாதாடுவதே அவருக்குச் செய்கிற மரியாதை. வில்லியம்ஸ் காலேஜில் டியூட்டோரியல் என்று ஒரு வகுப்பு உண்டு: இரண்டு மாணவர், ஒரு புரொஃபசர். ஒரு வாரம் ஒருவர் கட்டுரை எழுதி வாசிக்க, மற்றவர் அதை அலசிப் பேச வேண்டும். அடுத்த வாரம் மாறிக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தின் சின்ன வடிவம்தான் எல்லா வகுப்பிலும்.

பேச ஆரம்பிக்க எனக்கு உதவிய ஒரு வழியைச் சொல்கிறேன். முந்தின நாள் படிக்கும்போதே எனக்குப் புரியாத ஒரு வரியைக் குறித்து வைத்துக்கொள்வேன். வகுப்பு தொடங்கிய முதல் பத்து நிமிஷத்துக்குள் அந்த வரியைப் படித்துக்காட்டி, "இது எனக்கு விளங்கவில்லை" என்பேன். கருத்துச் சொல்ல வராத நாளில் கேள்வி கேட்கலாம், கேள்வியும் பேச்சுக் கணக்கில் சேரும். நேரம் போகப்போக எல்லாரும் சொல்லி முடித்துவிடுவார்கள், நமக்கு நெஞ்சு படபடப்பு ஏறும். அதனால் முதல் பத்து நிமிஷம். ஆங்கிலம் தடுமாறினால் தடுமாறட்டும், யாரும் சிரிக்கமாட்டார்கள். அந்த நான்கு வருஷத்தில் என் உச்சரிப்பைப் பார்த்து வகுப்பில் ஒருவர்கூடச் சிரித்ததில்லை.

இதைவிட முக்கியம் ஆபீஸ் அவர்ஸ். வாரத்தில் இத்தனை மணி நேரம் என் அறைக் கதவு திறந்திருக்கும், வா என்று ஒவ்வொரு புரொஃபசரும் எழுதிப் போடுவார்கள். நம்ம ஊரில் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டால் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று அர்த்தம். அதனாலேயே ஒன்றரை வருஷம் நான் ஒரு கதவையும் தட்டவில்லை. என்னைத் தட்ட வைத்தது 'தானே' புயல்.

2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது உனக்கு ஞாபகம் இருக்காது, நீ சின்னக் குழந்தையாக இருந்திருப்பாய். எனக்கு அங்கே 29-ஆம் தேதி ராத்திரி எட்டு மணி. குளிர்கால விடுமுறை, ஹாஸ்டலைப் பூட்டிவிட்டார்கள், காலேஜ் ஏற்பாடு செய்த ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கியிருந்தேன். வெளியே பனி. போன் போட்டுக்கொண்டே இருந்தேன், லைன் போகவில்லை. நான்காம் நாள் அப்பா யாருடைய போனிலிருந்தோ பேசினார். "எல்லாரும் நல்லா இருக்கோம். காடாம்புலியூர்ல தாத்தா தோப்புல ஒரு மரம் நிக்கல" என்றார். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்திருந்தன.

ஜனவரி கடைசியில் வகுப்பு தொடங்கியது. எனக்கு எதுவும் ஓடவில்லை. பொருளாதார வகுப்பில் இரண்டு வீட்டுப்பாடம் கொடுக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை, நம்ம வீட்டுக் கஷ்டத்தை வெளியே சொல்வதா என்று இருந்தேன். புரொஃபசரே மெயில் அனுப்பிக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். பூட்ஸில் ஒட்டியிருந்த பனி அவர் அறை மிதியடியில் உருகி ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் வீட்டுப்பாடத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "புதிதாக நட்டால் முந்திரி எத்தனை வருஷத்தில் காய்க்கும்?" என்று கேட்டார். மூன்று நான்கு வருஷத்தில் காய்ப்புக்கு வரும், முழு விளைச்சலுக்கு அதற்கு மேலும் ஆகும், பலாவுக்கு இன்னும் நாளாகும் என்றேன். ஒரு தாளை எடுத்துக் குறுக்கே கோடு போட்டு வருஷங்களைக் குறித்தார். "அதுவரைக்கும் குடும்பம் எதை வைத்துச் சாப்பிடும்? வங்கிக் கடன் எந்த வருஷம் திரும்பக் கேட்கும்?" எனக்குப் பதில் தெரிந்திருந்தது. தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பேசியதெல்லாம் அதுதானே! பேசப் பேச அவர் எழுதிக்கொண்டே போனார். கடைசியில் அந்தத் தாளை என்னிடம் தள்ளி, "இதுதான் உன் டெர்ம் பேப்பர்" என்றார்.

அந்தக் கட்டுரைக்காக முந்திரி விவசாயம் பற்றிய ஒரு தமிழ்ப் புத்தகம் வேண்டியிருந்தது. எங்கள் நூலகம் அதை வேறு ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இரவல் வாங்கித் தந்தது, ஒரு பைசா வாங்காமல். புதுச்சேரிக்கு வந்தால் ரோமன் ரோலண்ட் நூலகத்தில் மணிக்கணக்காக உட்காருகிற எனக்கு, பனிக்காட்டில் தமிழ் எழுத்து அச்சடித்த அட்டையைக் கையில் வாங்கியது இன்றைக்கும் மறக்கவில்லை. இந்த இரவல் வசதி உன் காலேஜிலும் இருக்கும், கேள். மே மாதம் அந்தப் பேப்பரை வகுப்பில் இருபது நிமிஷம் பேசினேன். காடாம்புலியூர் பக்கத்துப் பண்ருட்டி எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டித் தொடங்கினேன்.

நீ என்னைப் போல ஒன்றரை வருஷம் காத்திருக்காதே. முதல் இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு புரொஃபசர் அறைக்கும் ஒருமுறை போய், "நான் புதுச்சேரியிலிருந்து வந்திருக்கிறேன், இந்த வகுப்பில் எப்படிப் படிப்பது என்று சொல்லுங்கள்" என்று கேட்டுவிடு. சின்னக் காலேஜுக்கு இவ்வளவு தூரம் போவதே இதற்காகத்தான். பெரிய யுனிவர்சிட்டியில் முந்நூறு பேர் நடுவில் நீ வராவிட்டால் யாருக்கும் தெரியாது. இங்கே இரண்டு நாள் வராவிட்டால் தேடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. படித்த வரியை மேற்கோள் குறியும் பெயரும் போடாமல் எழுதினால் அங்கே அது திருட்டு. மனப்பாடமாக வந்த வரி என்றாலும் அப்படித்தான். விசாரணை வைப்பார்கள், வெளியே அனுப்பவும் செய்வார்கள். சந்தேகம் இருந்தால் கட்டுரை எழுத உதவும் ரைட்டிங் சென்டரில் காட்டிவிட்டுக் கொடு, இலவசம்தான். அப்புறம், அரியர் எழுதிப் பாஸ் செய்கிற கதை அங்கே இல்லை. ஒரு பாடம் கையை மீறிப் போகிறது என்றால் கடைசித் தேதிக்குள் விட்டுவிடலாம், ஆனால் எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் 12 கிரெடிட்டுக்கு (முழுநேரப் படிப்புக்கான பாட அளவு) கீழே போகக்கூடாது. இன்டர்நேஷனல் ஆபீஸைக் கேட்காமல் எந்தப் பாடத்தையும் விடாதே.

காலேஜ் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்வரை வேலை பார்க்கலாம். நான் டைனிங் ஹாலில் தட்டுக் கழுவினேன், பிறகு நூலக மேசை. வெளியே கடையில், யார் வீட்டிலாவது கைக்காசுக்கு என்று எந்த வேலையும் வேண்டாம், விசாவே போய்விடும். வரி விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள்: உதவித்தொகையில் ஃபீஸுக்குப் போகும் பங்குக்கு வரி இல்லை, தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் தரும் பங்குக்கு உண்டு. இந்திய மாணவர்களுக்கு இரு நாட்டு ஒப்பந்தப்படி, வருமானத்தில் ஒரு பகுதிக்கு வரி விலக்குத் தரும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கிடைக்கும், அதனால் பிடித்த பணத்தில் பெரும்பங்கு திரும்பி வரலாம். ஏப்ரல் 15-க்குள் ஃபாரம் போடு.

தனிமையைப் பற்றிக் கேட்டாய். இருக்கும், பொய் சொல்லமாட்டேன். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். அம்மா எழுந்திருக்கும் நேரம் உனக்கு மாலை, குளிர்காலத்தில் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். தினமும் ஒரு மணி நேரம் போனில் அழுவதைவிட ஞாயிறு ஒருமுறை நன்றாகப் பேசு. டைனிங் ஹாலில் எப்போதும் ஒரே மேசைக்குப் போ, ஆள் சேர்ந்துவிடும். கனமான குளிர் கோட்டு நேரு வீதியில் தேடாதே, அங்கே போய் வாங்கு. பழையது விற்கும் கடைகளில் நல்லது கிடைக்கும். பெரிய மார்க்கெட்டில் சாம்பார் பொடி, ரசப்பொடி, அப்பளம் வாங்கிக்கொள், விமான நிலையத்தில் உணவு இருக்கிறது என்று சொல்லிவிடு. பழமும் கறியும் வேண்டாம்.

பெயர் விஷயம். பாஸ்போர்ட்டில் கிவன் நேம் இடத்தில் உன் அப்பா பெயர் இருந்தால், முதல் வாரம் எல்லாரும் உன்னை அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ரெஜிஸ்ட்ரார் ஆபீஸில் 'கூப்பிடும் பெயர்' என்று ஒரு கட்டம் உண்டு, முதல் நாளே நிரப்பிவிடு. நான் ஒரு செமஸ்டர் முழுக்க அப்பா பெயரிலேயே இருந்தேன்.

ஐ-20, பாஸ்போர்ட், காலேஜ் கடிதம் மூன்றையும் கைப்பையில் வை, பெட்டியில் போடாதே. இறங்கியதும் இமிகிரேஷனில் கேட்பார்கள். ஆகஸ்டில் வந்து சேர்ந்ததும் சொல், உன் ஊர் என் வீட்டிலிருந்து காரில் போய் வரும் தூரம்தான். முதல் ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்து கூட்டிப்போகிறேன்.