அமெரிக்காவின் நிறப் பாகுபாட்டைச் சாதி என்று சொல்வது சரியா?

கேள்வி கேட்டவர் கூடவே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "நிறம் கண்ணுக்குத் தெரியும், சாதி தெரியாது. அப்புறம் எப்படி இரண்டும் ஒன்றாகும்?" நியாயமான சந்தேகம்தான். படித்ததைவிட வேலை பார்த்த இடத்தில் எனக்குப் புரிந்ததுதான் அதிகம் என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால், வங்கிக் கடன் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் ஒரு ஏஜென்சியில் இருந்தேன். பைக்கில் போய், விண்ணப்பித்தவர் அந்த முகவரியில்தான் இருக்கிறாரா, வீடு எப்படி, அக்கம்பக்கத்தில் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்து எழுதித் தர வேண்டும். சேர்ந்த முதல் வாரமே கையில் ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். 'நெகட்டிவ் ஏரியா'. அதில் உள்ள இடங்களிலிருந்து விண்ணப்பம் வந்தால் பெட்ரோலைச் செலவழிக்க வேண்டாம், அப்படியே திருப்பிவிடலாம். நான் வட சென்னை வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவன். பரீட்சை ரிசல்ட் பார்ப்பதுபோல எங்கள் தெருவைத் தேடினேன். இருந்தது.

"சார், இது நம்ம ஏரியா சார்" என்றேன். "உன்னச் சொல்லலப்பா, அது மேலேருந்து வர்ற லிஸ்ட்டு" என்றார் மேலாளர். அவர் கெட்டவர் இல்லை. என் தங்கை கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கித் தந்தவரே அவர்தான். அந்தத் தாளில் சாதி என்று ஓர் எழுத்துகூடக் கிடையாது. வசூல் கஷ்டம், அடிதடி கேஸ், பட்டா இல்லாத இடம் என்று காரணம் வைத்திருப்பார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் பட்டியலை மேலிருந்து கீழே படித்தால் பாதிக்கு மேல் எங்கள் சனம், அதாவது தலித்துகள், இருக்கிற இடங்கள். கடன் கிடைக்காததால் வீடு ஓட்டை, வீடு ஓட்டையாக இருப்பதால் அடுத்த கடனும் கிடையாது. இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு ஆயாவின் விண்ணப்பத்தில் நானே 'நெகட்டிவ்' என்று எழுதினேன். சம்பளம் வாங்கிக்கொண்டுதான் எழுதினேன்.

அமெரிக்காவில் 1930களில் இதையே வண்ணம் தீட்டிச் செய்தார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. வீட்டுக் கடனுக்காக 1933இல் அரசு உருவாக்கிய ஒரு நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டது. நல்ல பகுதிக்குப் பச்சை, அடுத்து நீலம், மஞ்சள், கடைசியில் சிவப்பு. கறுப்பர்கள் குடியிருந்தால் பெரும்பாலும் சிவப்புதான். 1934இல் வந்த இன்னொரு அரசு அமைப்பும் கடன் உத்தரவாதம் தருவதில் கறுப்பர் பகுதிகளை ஒதுக்கியே வைத்தது. 1968இல் சட்டம் போட்டுத் தடுக்கும்போது ஒரு தலைமுறை வெள்ளையர்கள் வீடு வாங்கி, அதைப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டார்கள்.

நாம் 'நிறவெறி', 'சாதிவெறி' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்த 'வெறி' என்ற சொல்தான் குழப்புகிறது என்று நினைக்கிறேன். கண் சிவந்து, கையில் கட்டையோடு ஒருவன் நம் மனதில் வந்து நிற்கிறான். அவனும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மேல், கீழ் என்ற இந்த அடுக்கு நடப்பதற்கு அவன் தேவையில்லை. எங்கள் மேலாளர் போதும், நான் போதும்.

சரி, கண்ணுக்குத் தெரிவது பற்றி. 1892இல் நியூ ஆர்லியன்ஸில் ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் ஏறினார். அவருடைய முன்னோரில் எட்டில் ஒரு பங்குதான் கறுப்பர். பார்த்தால் வெள்ளைக்காரர்தான். தான் யார் என்று அவரே வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் கைது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பெட்டி என்ற சட்டத்தை எதிர்ப்பதற்காகவே திட்டமிட்டு ஏறியவர் அவர். 1896இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஆக, அங்கேயும் தோலைப் பார்த்து மட்டும் முடிவு செய்யவில்லை, பிறப்பை விசாரித்தார்கள். நம் ஊரில் "எந்த ஏரியா?", "அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்கிறார்களே, அதே விசாரணைதான். "வியாசர்பாடி" என்று சொன்னதும் வரும் அந்த "ஓ..." இருக்கிறதே, அதை எழுத்தில் காட்ட முடியாது.

இதில் நம் ஆள் ஒருவர் செய்த கூத்தையும் சொல்ல வேண்டும். பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபி, வெள்ளையர் என்றால் கிடைக்கிற அமெரிக்கக் குடியுரிமையைக் கேட்டுப் போன வழக்கில், தான் உயர்சாதி, ஆரியன், அதனால் வெள்ளையன் என்று வாதம் வைக்கப்பட்டது. சாதியைக் காட்டி நிறத்தை வாங்கும் முயற்சி. 1923இல் உச்ச நீதிமன்றம், சாதாரண ஆள் உம்மை வெள்ளையர் என்று ஒத்துக்கொள்ள மாட்டான் என்ற ரீதியில் சொல்லி அனுப்பிவிட்டது.

அதற்காக இரண்டும் அச்சு அசல் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். அங்கே மனிதனை விலைக்கு வாங்கி ஏலம் போட்ட வரலாறுதான் அடித்தளம். இங்கே தீட்டு. கிணறும் சுடுகாடும்கூடத் தனி. அதோடு நம் ஏணிக்குப் படிகள் அதிகம். மிதிபடுகிறவனுக்கும் மிதிக்க இன்னொருவனைக் கொடுத்துவிடும். 1921இல் சென்னை பின்னி மில் வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பெரும்பாலும் சேரவில்லை. ஒரே மில்லில் தறி ஓட்டியவர்கள் இரண்டாகப் பிரிந்து, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. முதலாளி வெள்ளைக்காரன், எரிந்தது சேரி. இந்த வித்தியாசமெல்லாம் தெரிந்த அம்பேத்கரே 1946இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். தீண்டப்படாதோர் நிலைக்கும் கறுப்பர் நிலைக்கும் அவ்வளவு ஒற்றுமை இருப்பதால் பின்னதைப் படிப்பது அவசியம் என்பது அவர் சொன்னதன் சாரம்.

ஆனால் வட சென்னைக்காரனுக்கு இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. கோட்டைக்குள் 'வெள்ளையர் பட்டணம்', வெளியே 'கறுப்பர் பட்டணம்' என்று கும்பெனிக்காரன் பேர் வைத்தது இங்கேதான். பழைய கறுப்பர் பட்டணத்தை இடித்த பிறகு அதற்கு வடக்கே வளர்ந்த புதிய கறுப்பர் பட்டணம்தான் பிற்பாடு ஜார்ஜ் டவுன் என்று மாறியது. அவன் நிறத்தால் ஒரு கோடு போட்டான். கோட்டுக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் சும்மா இருந்தார்களா? வலங்கை, இடங்கை என்று இரண்டு சாதி அணிகளாக நின்று சண்டை போட்டு, 1707இல் வலங்கைக்குப் பெத்தநாயக்கன்பேட்டை, இடங்கைக்கு முத்தியால்பேட்டை என்று கவர்னரே பிரித்துக்கொடுக்கும் அளவுக்குப் போனது. அந்தச் சண்டையிலும் பறையர்கள் வலங்கைக்காக அடி வாங்கினார்கள். குடியிருந்தது என்னவோ ஊருக்கு வெளியேதான்.

கோட்டையைச் சுற்றித் திறந்த வெளி விட்டு, இதைத் தாண்டிக் கோட்டைப் பக்கம் வீடு கட்டக் கூடாது என்று 1773இல் எல்லைக்கல் நட்டார்கள். அதில் ஒன்று பாரிமுனையில், டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி இன்னும் நிற்கிறது. பார்க்க வேண்டுமென்றால் பஸ்ஸில் போங்கள், அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.