விரலில் அடிபட்டதை வேலை கேட்கும்போது சொல்ல வேண்டுமா?

ஐயா, வணக்கம்.

தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் மெஷினில் விரல் போனதைப் பையன் வெளியே சொன்னால் எவரும் வேலை தரமாட்டார்கள், மறைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணு, நடுவிரலில் ஒரு கணு. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடும்போதே எதிரில் இருப்பவர் பார்த்துவிடுவார். எனவே எந்த இடத்தில், எவ்வளவு சொல்வது என்று மட்டும் பார்ப்போம்.

ரெஸ்யூமேயில் எழுத வேண்டாம். டிப்ளமோ, அனுபவம், ஓட்டத் தெரிந்த மெஷின்கள், இவை போதும். சிகிச்சையில் இருந்த மாதங்களை மறைக்க உறவினர் ஒர்க்‌ஷாப்பில் அனுபவச் சான்றிதழ் வாங்கலாம் என்று மைத்துனர் சொன்னாராமே, அதை மட்டும் செய்யாதீர்கள். எந்த மாதம் யார் பி.எஃப். கட்டினார்கள் என்பது அவனுடைய பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணைப் போட்டால் தெரிந்துவிடும். விபத்தால் வேலை போவதைவிடப் பொய்ச் சான்றிதழால் போகும் வாய்ப்புதான் அதிகம்.

சொல்ல வேண்டிய இடம் இன்டர்வியூ. எதிரில் இருப்பவர் கேட்கத் தயங்குவார், ஆனால் கண் கையில்தான் இருக்கும். உங்கள் மகனே முந்திக்கொள்ளட்டும்: "சார், போன கம்பெனியில பிரஸ்ல அடிபட்டுச்சு. இந்த ரெண்டு விரல்ல நுனி இல்ல. டாக்டர் ஃபிட்னஸ் கொடுத்துட்டார். வெர்னியர், மைக்ரோமீட்டர் பிடிப்பேன், இன்செர்ட் மாத்துவேன். வேணும்னா ஒரு ஜாப் செட் பண்ணிக் காட்டறேன்." அரை நிமிடம் கூட ஆகாது. அதன் பிறகு பேச்சு வேலையைப் பற்றியதாகிவிடும்.

ஆனால் அவன் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். அளவெடுக்கும் மைக்ரோமீட்டரின் ராட்செட்டை, அதாவது நுனித் திருகை, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்துதான் திருப்பும். இனி ஆள்காட்டி விரலின் வேலையை நடுவிரலில் மிஞ்சியிருக்கும் பகுதி செய்ய வேண்டும். சின்ன ஆலன் கீ, வெட்டும் முனையான இன்செர்ட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூ இவையும் அப்படித்தான். கை பழகாமல் "எல்லாம் முடியும்" என்று சொல்லிவிட்டு டிரையலில் ஸ்க்ரூவைக் கீழே போட்டால் ஆட்டம் முடிந்தது. தெரிந்த ஒர்க்‌ஷாப் ஒன்றில் தினம் ஒரு மணி நேரம் பழகச் சொல்லுங்கள். எது வரவில்லை என்பதும் அங்கேதான் தெரியும். சின்ன பாகங்களை நொடிக்கணக்கில் கோர்க்கும் அசெம்பிளி லைன் அவனுக்குச் சரிவராது என்று நினைக்கிறேன். கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷின், குவாலிட்டி, கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் கேட் (CAD) பக்கம் போகலாம். மறுபடி பிரஸ் ஷாப்பே வேண்டாம் என்று அவன் நினைத்தால், "கோழை" என்று வீட்டில் யாரும் பேச வேண்டாம்.

உற்பத்திக்காக, கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சாரை பைபாஸ் செய்து ஓட்டச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். அதைப் புகாராகக் கொண்டுபோக வேண்டிய இடம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். இன்டர்வியூவில் அந்தக் கதையை நீட்டினால் ஹெச்.ஆர். காதில் "இவன் கேஸ் போடுகிற பையன்" என்றுதான் விழும். நியாயமில்லைதான், ஆனால் நடப்பு இது. காரணம் கேட்டால், "சென்சார் ஓடல சார், இப்ப மெஷினைத் தொடுறதுக்கு முன்னாடி அதைத்தான் பார்ப்பேன்" என்பதோடு நிறுத்தட்டும்.

அடுத்தது மெடிக்கலும் ஜாயினிங் ஃபார்மும். இங்கே ஒரு எழுத்துகூடப் பொய் கூடாது. அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலை தருவதாகச் சொல்வதற்கு முன் உடல்நிலையைத் துருவிக் கேட்க முடியாது. நம் நாட்டில் தனியார் கம்பெனிகளுக்கு அப்படிப் பொதுவான தடை இல்லை. "முன்பு விபத்து, அறுவை சிகிச்சை உண்டா?" என்று ஃபார்மில் இருந்தால் "ஆம்" என்று எழுதி, எந்த விரல், சிகிச்சை முடிந்துவிட்டது என்று ஒரு வரி சேர்க்கட்டும். கேட்காததைத் தானாக எழுத வேண்டியதில்லை. குற்ற வழக்கை மறைத்தவர்கள் தொடர்பான அவ்தார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: ஃபார்மில் குறிப்பாகக் கேட்டதற்கு உண்மை சொல்ல வேண்டும், கேட்காததைச் சொல்லவில்லை என்று குற்றம் பிடிக்க முடியாது. உடல்நிலை விஷயத்திலும் நான் மாணவர்களுக்குச் சொல்லும் அளவுகோல் அதுவே.

"மாற்றுத்திறனாளியா?" என்ற கேள்வியை நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலை இடஒதுக்கீட்டுக்குக் குறைந்தது 40 சதவீத ஊனம் வேண்டும். ஃபார்மில் அந்த அளவைக் கேட்கும் இடத்தில், ஊனச் சான்றிதழ் இல்லாத உங்கள் மகன் "இல்லை" என்று எழுதுவது பொய்யாகாது.

இ.எஸ்.ஐ. பணத்தைப் பற்றிய பயம் வேறு உங்களைப் படுத்துகிறது. வேலை கிடைத்தது தெரிந்தால் மாதப் பணம் நின்றுவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நிற்காது. நிரந்தர ஊனப் பலன் ஆயுள் முழுவதும் வரும், புது வேலையில் முழுச் சம்பளம் வாங்கினாலும் வரும். சட்ட அட்டவணையில் ஆள்காட்டி விரலின் இரண்டு கணுவுக்கு 11 சதவீதம், நடுவிரலின் ஒரு கணுவுக்கு 7 சதவீதம் வருவாய் இழப்பு என்று போட்டிருக்கிறது. இழப்பைக் கணிக்கும் மெடிக்கல் போர்டுக்கு இன்னும் போகவில்லை என்றால் தள்ளிப்போடாமல் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் மனு கொடுங்கள். புது கம்பெனியில் பழைய இ.எஸ்.ஐ. எண்ணையே கொடுக்க வேண்டும். விபத்து தெரியக்கூடாது என்று புது எண் வாங்கினால் பலன் ஒரு எண்ணில், சந்தா இன்னொரு எண்ணில் என்று சிக்கிக்கொள்வான்.

இடையில் உங்கள் அண்ணன் மகனுடைய டிஸ்க் பிரச்சினையையும் கேட்டிருந்தீர்கள். முதுகு வெளியே தெரியாது என்பதால் மறைக்கத் தோன்றும். உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால், கேட்டால் ஒழியச் சொல்ல வேண்டாம். லோடிங், ஷீட் தூக்குவது போன்ற வேலை என்றால் கேட்காவிட்டாலும் சொல்லட்டும். முதல் வாரமே படுத்துவிட்டால் அது பழைய வலியா, புது அடியா என்ற சண்டையில் நஷ்டப்படப் போவது அவன்தான்.

கடைசியாக, இன்டர்வியூவுக்கு நீங்கள் கூடப் போகாதீர்கள். கேட்டுக்கு வெளியே டீக்கடையில்கூட வேண்டாம். பேச வேண்டியது அவன். அதற்குப் பதிலாக இந்த வாரம் அவனை ஆதார் சேவை மையத்துக்கு அழைத்துப்போய்க் கைரேகையைப் புதுப்பித்துவிடுங்கள். பழைய ரேகையில் அந்த இரண்டு விரலும் முழுசாக இருக்கின்றன. சேர்ந்த பிறகு கம்பெனி வருகைப் பதிவு மெஷினிலும் முதல் நாளே இடது கை விரலைப் பதியச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வேலைக்குப் போன நாளுக்கும் ஆப்சென்ட் விழும்.