தேய்ந்த காசு, தேய்த்த காசு: கேள்வி பதில்

பழைய காசின் தரம் பார்ப்பது பற்றி இந்தக் கிழமை நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஹட்டனில் இரண்டு நாளாக மழை, கரண்டும் போய்ப் போய் வருகிறது. உட்கார்ந்து எழுத இதைவிட நல்ல நேரம் வராது.

நாவலப்பிட்டியிலிருந்து: அண்ணே, ஒரு காசை வீ.எஃப். என்கிறார்கள், இன்னொன்றை ஈ.எஃப். என்கிறார்கள். நான் எங்கேயிருந்து தொடங்குவது?

வீ.எஃப். என்றால் ‘வெரி ஃபைன்’, ஈ.எஃப். என்றால் ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’, அதைவிட ஒரு படி மேல். எழுத்துகளை விடுங்கள் தம்பி, முதலில் காசின் மேட்டைப் பாருங்கள். மடியிலும் பெட்டியிலும் உரசும்போது முதலில் தேய்வது உயர்ந்து நிற்கிற இடம்தான். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் காலத்து ஒரு சதத்தை எடுத்தால் ஒரு பக்கம் கிரீடம், காது, தாடி. மறுபக்கம் தாளிப்பனை. தாடி இழை இழையாகத் தெரிந்து, மேட்டில் மட்டும் லேசாக மழுங்கியிருந்தால் ஈ.எஃப். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், முகமும் கிரீடமும் மட்டும் தெளிவாக நின்றால் வீ.எஃப். முகமே நிழல் மாதிரி ஆகி, எழுத்தை மட்டும் வாசிக்க முடிந்தால் வீ.ஜி. (வெரி குட்), ஜி. (குட்) பக்கம் போய்விடும், பெயர்தான் ‘குட்’, தரம் கீழே. தேய்மானமே இல்லாதது யூ.என்.சி., அதாவது கைமாறிப் புழங்காத காசு.

இதற்கு எண்ணும் உண்டு. 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர், அந்த நாட்டுப் பழைய பெரிய செப்புச் சதங்களுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவு வகுத்தார். இன்று அதில் வீ.எஃப். 20இலும் ஈ.எஃப். 40இலும் யூ.என்.சி. 60இலும் தொடங்குகின்றன. 70 எண் காசு, 1 எண் காசைப் போல் எழுபது மடங்கு விலை போகும் என்பது அவர் போட்ட கணக்கு. அந்த விலைக் கணக்கு எப்போதோ காலாவதியாகிவிட்டது, எண் மட்டும் நின்றுவிட்டது.

தலவாக்கலையிலிருந்து: என் காசு புதுசு மாதிரிப் பளபளக்கிறது. கடைக்காரர் தரம் குறைவு என்கிறார். ஏமாற்றுகிறாரா?

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். அறையில் ஒரேயொரு மேசை விளக்கை மட்டும் எரியவிட்டு, காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சாயுங்கள். அச்சிலிருந்து வந்த மினுக்கம் என்றால், வெளிச்சம் வண்டிச்சக்கரத்து ஆரம்போலக் காசைச் சுற்றி ஓடும். தேய்த்து எடுத்த மினுக்கம் அப்படி ஓடாது, முகம் முழுக்க ஒரே வெளிச்சமாக அசையாமல் கிடக்கும். அப்புறம் 10 மடங்கு லென்ஸை வைத்துப் பாருங்கள், ஒரே திசையில் மயிர்போலக் கீறல்கள் தெரியும்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். இருபத்திரண்டு வயதில் 1870ஆம் ஆண்டு ஐந்து சதம் ஒன்று கிடைத்தது. கைக்குக் கனமான செப்பு, வறுத்த கோப்பிக்கொட்டையின் நிறம். புளியும் விபூதியும் போட்டுக் குத்துவிளக்கு விளக்குவதைப் போல விளக்கி, மாம்பழ நிறத்தில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒருமுறை சாய்த்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இது சாமி அறைக்கு நல்லது” என்றார். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. முப்பது வருடத்தில் நிறம் பாதி திரும்பிவிட்டது, கீறல் ஒன்றும் போகவில்லை. தேசிக்காய், பற்பசை, பித்தளைப் பொலிஷ் என்று கேட்டிருந்த மற்ற நாலு பேருக்கும் இதுதான் பதில்.

பதுளையிலிருந்து: அப்பாயியின் காசுமாலையிலிருந்து கழன்ற வெள்ளி ரூபாய்கள் ஆறு இருக்கின்றன. என்ன தரம் வரும் அண்ணா?

அவை இந்திய ரூபாய்களாகத்தான் இருக்கும் தங்கச்சி. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைக்கென்று தனி வெள்ளி ரூபாய் அடிக்கவில்லை. சதம் நம்முடையது, ரூபாய் இந்தியாவினுடையது. விளிம்பைச் சுற்றிப் பாருங்கள், ஆசாரி பொடி வைத்து வளையம் ஊதின இடம் மேடாகவோ கறுப்பாகவோ தெரியும். முகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தத் தடம் இருந்தால் தரம் பார்க்கிறவர்கள் எண் போட மாட்டார்கள், ‘விவரம் ஈ.எஃப்., வளையம் பற்றவைத்தது’ என்ற மாதிரிதான் எழுதுவார்கள். அரம் போட்டு ராவினால் இரண்டாவது காயம். தேயாத ரூபாய் ஒன்று 11.66 கிராம். சாதாரண வருடம் என்றால் வெள்ளிக்குரிய விலையை விடப் பெரிதாகக் கூட வராது. என்னைக் கேட்டால் திரும்ப மாலையில் கோத்துவிடுங்கள்.

பண்டாரவளையிலிருந்து: அச்சு சரியாகப் பதியாததையும் தேய்ந்ததையும் எப்படிப் பிரித்தறிவது?

பதியாத இடத்தில் மினுக்கம் அப்படியே இருக்கும், உருவம் மட்டும் இருக்காது. தேய்ந்த இடம் வழுவழுப்பாக, நிறம் மாறிக் கிடக்கும். இன்னொன்று, நிறத்தை வைத்தும் ஏமாறாதீர்கள். நம் ஐம்பது சதம் முதலில் ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளி, 1919இலிருந்து 550தான். செம்பு கூடினால் சீக்கிரம் மங்கும். மங்கல் வேறு, தேய்மானம் வேறு.

நுவரெலியாவிலிருந்து: அல்பத்தில் வைத்த செப்புக் காசெல்லாம் பச்சை பிடிக்கிறது.

தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பாக இருந்தால் அது அல்பத்தின் பி.வி.சி. பிளாஸ்டிக் தாளிலிருந்து கசிந்தது. சுத்தமான அசிட்டோனில் முக்கி, துடைக்காமல் காயவிட்டால் போய்விடும். அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், தீப்பிடிக்கும். காய்ந்த பச்சை என்றால் செம்பில் பிடிக்கிற களிம்பு, உங்கள் ஊர் ஈரத்தால் வருவது. மைலார் உறை (பி.வி.சி. இல்லாத பிளாஸ்டிக் உறை) வாங்கி, மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

கம்பளையிலிருந்து: வீட்டுத்தோட்டம் கொத்தும்போது வீ.ஓ.சி. என்று போட்ட ஒல்லாந்தர் காசு வந்தது. தரம் சொல்லுங்கள்.

வீ.ஓ.சி. என்பது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் குறி. தரத்தை விடுங்கள், முதலில் சட்டம். 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் என்றால் தொல்பொருள். மண்ணுக்குள்ளிருந்து வந்தால் அது அரசுக்குரியது. கழுவாமல் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து: சேர், படம் அனுப்பினால் தரம் சொல்வீர்களா?

சொல்வேன், ஒரு படி முன்பின் இருக்கும். ஃபிளாஷ் வேண்டாம். இரண்டு பக்கமும் நேராக ஒன்று, சாய்த்து ஒன்று, விளிம்பு ஒன்று. போன கிழமை வந்த படங்களில் பாதிக்கு நான் பெருவிரலுக்குத்தான் தரம் போட வேண்டியிருந்தது, அதை மட்டும் ராஜாவின் முகத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.