நெதர்லாந்தில் கோலாக அடித்த ஜஹான்பக்ஷ் இங்கிலாந்தில் ஏன் சொதப்பினார்?

கேள்வியோடு நிறுத்தியிருந்தால் நான் பேசாமல் தாண்டிப் போயிருப்பேன். கீழே விளக்கத்தில் "1 கோடியே 70 லட்சம் பவுண்டு தண்டம், ஆசியக்காரர்களுக்கு அந்த லெவல் கிடையாது என்பதற்கு இந்த ஈரான்காரரே சாட்சி" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள் பாருங்கள், அது தைத்துவிட்டது. நீங்கள் அநேகமாகப் புள்ளிவிவரப் பட்டியலைத்தான் பார்த்திருப்பீர்கள். 2018-19 சீசன், இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப், லீக்கில் 19 ஆட்டம், 0 கோல். பட்டியல் பொய் சொல்லவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

முதலில் கால்பந்து விஷயத்தை முடித்துவிடுகிறேன். நான் நிபுணன் இல்லை, செவிலியன்.

அலிரெசா ஜஹான்பக்ஷ் ஈரான்காரர். ரஷ்த் நகரின் தாமாஷ் கிளப்பிலிருந்து 2013ல் நெதர்லாந்தின் நைமேகன் அணிக்குப் போனார், அப்போது வயது 19. முதல் வருடமே அந்த அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. ஓடிப்போகாமல் அங்கேயே ஆடி, அணி மேலே ஏறிய பிறகுதான் 2015ல் அதே நாட்டின் ஏஇசட் அல்க்மார் அணிக்கு மாறினார். 2017-18ல் 21 கோல், அதில் மூன்று சீசனின் கடைசி நாளில். நெதர்லாந்து லீக்கில் அதிக கோல் அடித்த முதல் ஆசியர் அவர். அதைப் பார்த்துத்தான் பிரைட்டன் தான் அதுவரை யாருக்கும் கொடுக்காத விலை கொடுத்து வாங்கியது.

அல்க்மாரில் பந்து பெரும்பாலும் இவர்கள் காலில் இருக்கும், ஓரத்தில் ஆடும் விங்கரின் வேலை உள்ளே வெட்டி வந்து அடிப்பது. பயிற்சியாளர் கிறிஸ் ஹியூட்டனின் பிரைட்டனோ இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடுவோமோ என்று பயந்துகொண்டிருந்த அணி. எல்லாரும் பின்னால் இறங்கித் தடுக்க வேண்டும், விங்கர் தன் பக்கத்து டிஃபெண்டருக்கு உதவியாளன் மாதிரி. நடுவில் தொடைத்தசைக் காயம், ஜனவரியில் ஈரான் அணியோடு ஆசியக் கோப்பைக்குப் போனது வேறு. அணி 17வது இடத்தில் தப்பிப் பிழைத்தது, ஆனாலும் ஹியூட்டனை அனுப்பிவிட்டார்கள், அடுத்து வந்த கிரஹாம் பாட்டர் வைத்த அமைப்பில் பல வாரம் விங்கர் என்ற இடமே இல்லை. இதெல்லாம் சாக்கு என்பீர்கள். இருக்கட்டும்.

இனி என் கதை.

ஜஹான்பக்ஷ் வந்த அதே 2018ல்தான் நானும் இங்கிலாந்துக்கு வந்தேன், பிரைட்டனிலிருந்து ரயிலில் போகும் தூரத்தில் ஒரு ஊர், ஒரு மருத்துவமனை. மதுரையில் ஆறு வருடம் ஐசியூவில் வேலை பார்த்தவன். வெண்டிலேட்டர் அலாரம் அடித்தால் திரையைப் பார்க்காமலே என்ன கோளாறு என்று சொல்வேன். கொஞ்சம் பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இங்கே ஆஸ்கி என்கிற செய்முறைத் தேர்வில் தேறிப் பதிவு எண் வாங்கும்வரை நீங்கள் செவிலியர் கிடையாது, உதவியாளர். கையில் ஊசி தரமாட்டார்கள். குளிப்பாட்டலாம், படுக்கை மாற்றலாம், டீ கொடுக்கலாம். வேலையில் கேவலம் ஒன்றும் இல்லை, அதைத்தான் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். ஆனால் எதிர்க் கட்டிலில் ஒருவருக்கு நரம்பு கிடைக்காமல் நாலு தடவை குத்திக்கொண்டிருப்பதை, டீ டிராலியைப் பிடித்துக்கொண்டு பார்த்து நிற்பது ஒரு மாதிரி வலி.

அந்தத் தேர்வில் எதைச் செய்தாலும் வாயால் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். கை கழுவுகிறேன், பெயர்ப் பட்டையைப் பார்க்கிறேன், மருந்து அலர்ஜி உண்டா என்று கேட்கிறேன், இப்படி. எனக்குக் கை ஓடும், வாய் ஓடாது. அலர்ஜியைக் கேட்காமல் மாத்திரையைக் கொடுத்துவிட்டேன், முதல் தடவை ஃபெயில். வார்டில் வேறு ஒரு பாட்டி 'ஸ்பெண்ட் எ பென்னி' வேண்டும் என்றார், நான் சில்லறை கேட்கிறார் என்று நினைத்துப் பர்ஸை எடுத்துக் கொடுத்தேன். பாவம், அவர் கேட்டது கழிப்பறை. படுக்கை நனைந்துவிட்டது. அதற்கப்புறம் "அந்த அமைதியான பையன், ரொம்ப நல்லவன், ஆனால்…" என்று என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அந்த 'ஆனால்' இருக்கிறதே. என் பட்டியலிலும் 0 கோல்தான்.

எங்கள் வார்டு போர்ட்டர் ஒருவர், அறுபது வயது தாண்டியவர், பிரைட்டன் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர். ஸ்ட்ரெச்சர் தள்ளும்போதெல்லாம் ஜஹான்பக்ஷைத் திட்டுவார். 17 மில்லியன், 17 மில்லியன் என்று மந்திரம் மாதிரி. அவர் திட்டத் திட்ட எனக்கு அந்த ஆள்மேல் பாசம் வந்தது. இரண்டாம் தடவை எழுதித் தேறி எனக்குப் பதிவு எண் வந்தபிறகும் அவர் திட்டிக்கொண்டுதான் இருந்தார்.

2019 டிசம்பர் 28, சனிக்கிழமை. போர்ட்டரின் மகனுக்கு வரமுடியவில்லை, "வருகிறாயா?" என்றார். நைட் டியூட்டி முடித்த கண்ணோடு ஃபால்மர் ஸ்டேஷனில் இறங்கி பிரைட்டனின் அமெக்ஸ் மைதானத்துக்குள் போய் உட்கார்ந்தேன். போர்ன்மத்துக்கு எதிராக ஆட்டம். அணிப்பட்டியலில் ஜஹான்பக்ஷ் பெயரைப் பார்த்ததும் போர்ட்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். மூன்றாவது நிமிடம், நான் இன்னும் கோட்டைக் கழற்றவில்லை, பந்து வலைக்குள். ஜஹான்பக்ஷ்! வந்து ஒன்றரை வருடம் ஆகி முதல் கோல். கூட ஆடியவர்கள் கட்டிப்பிடித்துவிட்டு நகர்ந்த பிறகு அந்த மனிதர் அழுதுகொண்டே நடந்தார். நானும் அழுதேன். தூக்கமில்லாததால் என்று போர்ட்டரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, எழுந்து நின்று "நான்தான் சொன்னேனே!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

நாலு நாள் கழித்து, புத்தாண்டு அன்று, செல்சிக்கு எதிராக ஜஹான்பக்ஷ் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். 84வது நிமிடத்தில் சக ஆட்டக்காரர் லூயிஸ் டங்க் தலையால் தட்டிவிட்ட பந்தை, கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தரத்தில் பாய்ந்து உதைத்தார். 1-1. நான் டியூட்டியில் இருந்தேன், மருந்து அறையில் போர்ட்டரின் போனில் பார்த்தேன்.

சரி, அப்புறம் என்ன ஆனது? பெரிதாக ஒன்றும் இல்லை. பிரைட்டனில் லீக் கோல் அந்த இரண்டோடு நின்றது. 2021ல் ஃபெயனூர்டுக்குப் போனார், 2022-23ல் அந்த அணி நெதர்லாந்துப் பட்டம் வென்றது. தோல்வி என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், நான் வாதாடப் போவதில்லை.

ஆனால் "லெவல்" என்று பேசுகிறவர்கள் ஈரான்காரன் முதுகில் இன்னும் என்னென்ன மூட்டை இருக்கிறது என்றும் பார்க்கவேண்டும். 2018 உலகக் கோப்பை தொடங்கும் நேரத்தில், அமெரிக்கத் தடையைக் காரணம் காட்டி ஈரான் அணிக்கு ஷூ தரமுடியாது என்று நைக்கி கைவிரித்தது. அதற்கு முந்தைய வருடம் கிரீஸில் பானியோனியோஸ் கிளப்புக்கு ஆடிய மசூத் ஷோஜாயியும் எஹ்சான் ஹாஜ்சாஃபியும் இஸ்ரேலின் மக்காபி டெல் அவிவுக்கு எதிராக இறங்கியதற்காக, இனி தேசிய அணியில் இடம் கிடையாது என்று ஊரில் அதிகாரிகள் அறிவித்தார்கள். ஆடாவிட்டால் சம்பளம் தரும் கிளப்பிடம் கெட்ட பெயர், ஆடினால் சொந்த ஊரில். பிறகு இருவரும் 2018 உலகக் கோப்பைக்குப் போனார்கள் என்பது வேறு விஷயம். ஒரு டச்சுக்காரனுக்கோ பிரேசில்காரனுக்கோ இந்தத் தலைவலி உண்டா?

வெளிநாடு போகிறவன் முதுகில் மூட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. என்னை அனுப்பிய சென்னை ஏஜென்ட் 'புராசஸிங்' என்று இரண்டரை லட்சம் வாங்கினார். வேலைக்கு ஆள் எடுப்பதற்குச் செவிலியரிடம் காசு வாங்கக்கூடாது என்று பிரிட்டன் அரசின் நடத்தை நெறியே சொல்கிறது, அந்தச் செலவு வேலை கொடுக்கிறவருடையது. எனக்கு இது இங்கே வந்து ஒரு மலையாளச் சேச்சி சொல்லித்தான் தெரியும். அம்மாவின் வளையல் அதில்தான் போனது. இதைப் படிக்கும் நர்சிங் பிள்ளைகள் யாராவது இருந்தால், காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: எதிர்பார்த்த மாதிரியே ஒருவர் "அப்போ சோன் ஹியூங்-மின்?" என்று கேட்டிருக்கிறார். தென் கொரியரான சோன் இங்கிலாந்தில் ஜெயித்த ஆசியர்தான், ஆனால் பதின்ம வயதிலேயே ஹாம்பர்க் போய் ஜெர்மனியில் பல வருடம் ஆடிவிட்டுத்தான் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் அணிக்கு வந்தார், அவரே முதல் சீசன் முடிந்ததும் ஜெர்மனிக்குத் திரும்பிவிட நினைத்தவர். ஏஜென்ட் பணம் திரும்ப வந்ததா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். வரவில்லை. அந்த நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை.