இரண்டு வருட நர்சிங் படிப்பு போதுமா?

நியூயார்க்கில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் ஏடிஎன் (இரண்டு வருட நர்சிங் படிப்பு) இடம் கிடைத்தும், "பிஎஸ்என் (நர்சிங் இளநிலைப் பட்டம்) இல்லாத நர்ஸ்களிடம் நோயாளிகள் அதிகம் சாகிறார்கள், ஆய்வே இருக்கிறது" என்று உறவினர் பயமுறுத்துவதாக எழுதியிருந்தீர்கள்.

அவர் சொல்வது அநேகமாக நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஏக்கன் குழுவின் 2003 ஆய்வு. பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பார்த்தார்கள். பட்டதாரி நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடுதலாக இருந்த இடங்களில், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைவாக இருந்தது. நல்ல ஆய்வுதான். ஆனால் அது ஒப்பிட்டது மருத்துவமனைகளை. தனி ஒரு நர்ஸின் திறமையை அளக்கவே இல்லை. பட்டதாரிகளை அதிகம் சேர்க்கும் மருத்துவமனைக்கு வேறு வசதிகளும் இருக்கும். ஆய்வாளர்கள் சிலவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள், எல்லாவற்றையும் எடுப்பது நடக்காத காரியம். உறவினர்கள் ஆய்வைத் தலைப்போடு நிறுத்திவிடுவார்கள், என்ன செய்வது!

ஏடிஎன், பிஎஸ்என் இரண்டுக்கும் லைசென்ஸ் தேர்வு ஒன்றுதான், என்கிளெக்ஸ். ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸும் ஒன்றுதான்.

உண்மையான சிக்கல் வேறு. 2017-ல் வந்த நியூயார்க் சட்டப்படி லைசென்ஸ் பெற்ற 10 ஆண்டுக்குள் பிஎஸ்என் முடிக்க வேண்டும். பெரிய மருத்துவமனைகள் பல வேலைக்கு எடுக்கும்போதே அதைக் கேட்கின்றன. அதற்காக இடத்தை விடாதீர்கள். ஆனால் சேரும் முன் அந்தக் காலேஜின் என்கிளெக்ஸ் தேர்ச்சி விகிதத்தை மாநிலக் கல்வித் துறை தளத்தில் பாருங்கள், மாநிலமே வெளியிடுகிறது. அப்புறம், உங்கள் கிரெடிட்டுகளை (முடித்த பாடங்களுக்கான மதிப்பலகுகளை) எந்தப் பல்கலைக்கழகம் பிஎஸ்என்னுக்கு ஏற்கும் என்று காலேஜிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.